முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ

எமயோகி ஆறு உறைந்து
சிறுவர்கள் அதன்மேல் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய வாரம்,
அங்காடி வாசல் பார்சல் பெட்டகத்திலிருந்து
ரைவோ எடுத்து வந்தான் ஒரு ரேசரை.
டைட்டானியம். ஒருபக்க பிளேடு.
முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ.

சலவை இயந்திரம் செத்து அன்றோடு மூன்று வாரம்.
குளியல் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன
அவனுடைய பேருந்து ஓட்டுநர் சட்டைகள்.
நான் நிமிரவில்லை.

"பிளேடு மலிவு" என்றான்,
நான் கேட்காத கேள்விக்கு.
"ஒன்று அறுபது சென்ட். ஒரு வாரம் தாங்கும்.
பத்து வருஷக் கணக்கில் பார்த்தால்..."

பத்து வருஷக் கணக்கில் பார்த்தால்
எல்லாமே லாபம்தான் ரைவோ.
விசைப்படகு வாங்கினாலும் லாபம்தான்.

மின்கட்டணச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்:
அறுப்பது அறுபது சென்ட்.
அதைப் பிடித்துக்கொண்டிருக்க
முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ சம்பளம்.
நகராட்சி அலுவலகம் போல.

அவன் சிரிக்கவில்லை. விளக்கினான்.
தலையிலிருந்து பிளேடு எட்டிப்பார்க்கும் அளவு,
அதிராத இறுக்கம், கோணம், கடைசல்.
என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட நாளில்கூட
இத்தனை விவரமாய்ப் பேசியவனில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தேன்.
சாட்சிக்கு மாடி வீட்டு லீவிகா,
காபிக் கோப்பையோடு, மிகுந்த சந்தோஷத்தோடு.
சமையலறை நாற்காலி. என் ஸ்கார்ஃபால் கண்கட்டு. நுரை.
ஒரு கன்னத்துக்கு டைட்டானியம்,
மற்றதற்கு அங்காடியின் கடைசித் தட்டில்
பாக்கெட்டுக்கு ஐந்தாய்க் கிடக்கும் ஆரஞ்சுப் பிளாஸ்டிக்.
எது எதுவென்று லீவிகாவுக்கு மட்டும் ஜாடை காட்டினேன்.

துடைத்துவிட்டு, "சொல்" என்றேன்.
இரண்டு கன்னத்தையும் தடவினான்,
முலாம்பழம் வாங்கப் போனவன் போல.
மறுபடி தடவினான்.
"வலது. வலதுதான் டைட்டானியம். சந்தேகமே இல்லை."

லீவிகா காபியை மேஜைவிரிப்பில் கொட்டினாள்.
அதையும் நான்தான் கையால் துவைக்க வேண்டும்.

வலது, பிளாஸ்டிக்.

கட்டை அவிழ்த்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தான்.
அன்று இரவு சூப்பில் உப்பில்லை.
கேட்கவில்லை. குடித்தான்.

திங்கள், காலை நாலே முக்கால்.
முதல் பேருந்து அவனுடையது.
குளியலறை வெளிச்சத்தில், பார்த்தால், அதே டைட்டானியம்.
கதவில் சாய்ந்து நின்றேன்
ஜெயித்தவர்கள் நிற்கிற மாதிரி.

கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்:
"முகத்துக்குத் தெரியாதுதான்.
கைக்குத் தெரியும்.
நேற்று கை உன்னுடையது."

கன்னத்தை அலம்பி, குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு
இருட்டுக்குள் இறங்கிப் போனான்.
நான் சட்டைகளைப் பிழிய உட்கார்ந்தேன்.

நேற்று
இடது கன்னத்தில் அதை வைத்தபோது
நான் அழுத்தவே இல்லை.
தன் கனத்தில் தானே இறங்கியது.
தாடை திரும்புகிற இடத்தில் என்னைக் கேளாமல் திரும்பியது.
உறைந்த ஜன்னலை நகத்தால் சுரண்டினால் ஒரு சத்தம் வருமே,
அதற்குத் தங்கை மாதிரி ஒரு சத்தம்.
இன்னும் கொஞ்சம் கன்னம் இருந்திருக்கலாம் என்றிருந்தது.

பிறகு பிளாஸ்டிக்கை எடுத்தேன். மணிக்கட்டு ஏமாந்தது,
இன்னொரு படி இருக்கிறதென்று
தரையில் காலை வைத்தவள் போல.
வெட்டிவிடுமோ என்று பயந்து
வலது கன்னத்தை அத்தனை மெதுவாக,
மூச்சைப் பிடித்து, மூன்று தடவை இழுத்தேன்.

அதைத்தான் அவன் டைட்டானியம் என்று நினைத்திருக்கிறான்.

சொல்வதாயில்லை.
முதலில் சலவை இயந்திரம் வரட்டும்.