நான்கு பகல், மூன்று இரவு

இன்சூரன்ஸ் கம்பெனி போஜனுக்குத் தந்த பரிசு:
இருவருக்குக் கப்பல், இலவசம்.
கோத்தகிரி பஸ் மேட்டுப்பாளையம் தொடும் முன்பே
இரண்டு முறை ஜன்னலில் தலை நீட்டுகிறவள் நான்.
எலுமிச்சம்பழத்தோடு ஏறினேன்.

கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை.
போஜன்தான் பாத்ரூமிலேயே குடியிருந்தார்.

பொய் சொல்லக் கூடாது,
நான்கு நாள் அடுப்பு முகத்தில் விழிக்கவில்லை.
யாரோ என் போர்வையை மடித்தார்கள்,
துண்டை முறுக்கி அன்னமாக்கினார்கள்.
கலைக்க மனமில்லாமல்
சேலையில் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த டீ!
நூல் கட்டிய பை, ஆறிய வெந்நீர்.
எங்கள் பச்சைக் கொழுந்து கிலோ என்ன விலை போகிறதென்று
அந்தக் கோப்பைக்குத் தெரியாது.
பில் மட்டும் தனியாக வந்தது.

அப்புறம், கோபம் வந்தால் இறங்க முடியாது.
இங்கே என்றால் கதவை அறைந்து சாத்திவிட்டுத்
தோட்டம்வரை நடப்பேன்.
அங்கே பதினோரு மாடி ஏறி இறங்கி
மறுபடி அதே மனிதரிடம்.

மூன்றாம் இரவு மேல்தளத்தில் நின்றேன்.
எந்தப் பக்கமும் மேடில்லை.
இவ்வளவு சமமாக ஓர் இடம் உண்டென்று
முழங்காலுக்கு அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மாதி கேட்கிறாள்,
போகலாமா, வேண்டாமா?
மாவுக் கையோடு நிற்கிறேன்.
வந்து ஒரு வாரம், தரை இன்னும் லேசாக ஆடுகிறது.
"எலுமிச்சம்பழம் தேவையில்லை" என்கிறேன்.