வாடகைப் பாவாடை

கல்லூரி வாசலுக்கு எதிரே
இயா ரிசியின் குடை.
குடைக்கம்பிகளில் ஒன்பது நீளப் பாவாடைகள்.
ஒரு வேளைக்கு இருநூறு நைரா,
பொரித்த வாழைக்காய் தனிக்கணக்கு.
ஓஷோக்போவில் மழை பெய்தாலும்
அந்தக் குடை பாவாடைகளுக்குத்தான்,
அவள் நனைவாள்.

வாசலில் ஓக்போமோ.
கையில் மர அளவுகோல்.
முழங்காலுக்கு மேல் எத்தனை அங்குலம் என்று
நின்றபடியே சொல்லிவிடுவார்.
அவர் குனிந்து அளந்த நாட்களை
விடுதியில் விளக்கணைத்த பிறகுதான் பேசுவோம்.

என் கவுன் முழங்காலைத் தொட்டது.
தொட்டால் போதாதாம், மூட வேண்டுமாம்.
"நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகிறவள், யோசி."
யோசித்தேன்.
ஒன்பது மணிக்குப் புள்ளியியல் தேர்வு.

எனக்கு முன்னால் டெமிலாடே.
அவன் தங்கை ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
பின்னிவிட்ட எட்டுப் பின்னல்கள்.
"நீ என்ன பெண்ணா?"
என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
ஆண்களுக்குக் கம்பளிக் குல்லாய், நூறு நைரா.
இந்த வெயிலில்.
போட்டுக்கொண்டு சிரித்தான்,
கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சிரித்தது.

எனக்கு நீலப் பாவாடை.
நாடா முடிச்சில் இன்னும் ஈரம்,
யாரோ அவிழ்த்துத் தந்து
ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.
ஷியா வெண்ணெய் வாசனை. பேருந்துத் தூசி.
பின்பக்கம், எவளோ அவசரமாய்ச்
சோப்புப் போட்டுத் தேய்த்த வெளிறிய வட்டம்.
அவளுக்கு அன்று நல்ல மதிப்பெண் வந்திருக்கட்டும்.

தேர்வறையில் பேனா தேடிப்
பாவாடைப் பையில் கைவிட்டேன்.
பாதி கடித்த இஞ்சி மிட்டாய்,
நான்காய் மடித்த சீட்டு ஒன்று.

'இரண்டாம் மாடி, கடைசி அறை.
தனியாகப் போகாதே. கதவைச் சாத்துவார்.'

கீழே பச்சை மையில்:
'நன்றி. தோழியோடு போனேன்.'

அதற்கும் கீழே பென்சிலில்:
'செவ்வாய்க்கிழமை நூலகத்திலும்.'

மடிப்புகளில் எழுத்து அழிந்து
மறுபடி எழுதப்பட்டிருந்தது.
முதல் கேள்வி, சராசரி காண்க.
எத்தனை இடுப்புகள், எத்தனை வாரங்கள்,
கணுக்கால் வரை மூடிக்கொண்டு
எத்தனை பேர் அந்தப் படி ஏறினார்கள்
என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.
கண்காணிப்பாளர் திரும்பிய நேரம்
என் பங்குக்கு ஒரு வரி எழுதினேன்.
வாசலையும் சேர்த்தேன்.
அளவுகோலையும்.

பன்னிரண்டு மணிக்குப் பாவாடையைத் திருப்பினேன்.
"ஞாயிறுதோறும் இதைத் துவைக்கிறீர்களே, இயா,
பையிலிருக்கும் சீட்டு எப்படி நனையவில்லை?"

எண்ணெயில் வாழைக்காயைப் புரட்டிப் போட்டாள்.
சாலைக்கு அப்பால் ஓக்போமோவைப் பார்த்தாள்.

"மீதிச் சில்லறை வேண்டாமா உனக்கு?"