முப்பது என்று எழுதினேன்

பசுக்கள் மேய்ந்துபோய் இருபத்தோரு நாள்.
ஏழாம் வயலில் இடுப்பளவு பனிமூட்டம்.
சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசவேண்டும்.
ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்,
நல்ல இடமாய் விழட்டுமென்று.

விழுந்தது
ஏதோவொரு மாடு மூத்திரம் பெய்த வட்டத்தின் விளிம்பில்.
பாதிக்குப் புல், கருகருவென்று, கணுக்கால் மறைய.
மீதிக்குக் குளோவர்.

டூகல் பிர்னி முழங்காலிட்டார்.
ஈரம் காற்சட்டையில் ஏறியது.
"ஐம்பது" என்றார்.
முப்பதுக்குக் கீழே போனால் யூரியா வாங்கியாக வேண்டும்;
வங்கிக் கடிதம் சமையலறையில்
உப்பு ஜாடிக்கு அடியில் கிடப்பதைக்
காலையில் பார்த்திருந்தேன்.
முப்பது என்று எழுதினேன்.
கண்ட எண்ணா, கருணை எண்ணா,
எனக்கே தெரியாது.

அப்புறம் கத்தரி,
ஆட்டுக் கம்பளி வெட்டிய பழைய கத்தரி.
சட்டத்துக்குள் இருந்ததையெல்லாம் தரையொட்ட நறுக்கிப்
பையில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.
அவர் தங்கை மோராக்
மேசையில் செய்தித்தாள் விரித்து
இலை இலையாய்ப் பிரித்தாள்,
இந்தப் பக்கம் மூவிலை, அந்தப் பக்கம் புல்.
வானொலியில் இன்வர்கார்கில் வானிலை.
நடுவில் ஒரு நத்தை;
அதை ஜன்னலுக்கு வெளியே விட்டாள்.

மைக்ரோவேவில் ஒரு தம்ளர் தண்ணீரோடு வைத்து
உலர்த்தி, நிறுத்து, மறுபடி உலர்த்தி,
எடை இனிக் குறையாது என்கிறவரை.
வீடெல்லாம் உலர்புல் வாசனை.
புல் நாற்பத்தொரு கிராம்.
குளோவர் ஒன்பது.

பதினெட்டு.

குளோவர் இலை மல்லாந்து கிடக்கும்;
குனிகிறவன் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான்.
புல்லோ விளிம்பைக் காட்டி நிற்கும்,
எடையைத் தண்டுக்குள் ஒளித்துக்கொண்டு.
இதைப் பயிற்சிப் பட்டறையில்
நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்,
மூன்று வருடமாய்.

டூகல் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.
"போன வசந்தத்தில் அந்த வயல் முழுக்கக் குளோவர்.
விடியுமுன்னே, இருநூற்றுப் பதினான்காம் நம்பர்,
வயிறு பீப்பாயாய் ஊதிக் கிடந்தாள்.
கத்தியோடு ஓடினேன். வாயிற்கம்பியை அவிழ்ப்பதற்குள்..."
பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.
ஆக, எண் ஏறினாலும்
இந்த மனிதருக்குத் தூக்கம் கிடையாது.

மத்தியானம் எட்டாம் வயல்.
இந்த முறை இரண்டு கண்ணையும் மூடினேன்.
சட்டம் கையைவிட்டுப் போனது.
அது தரையில் விழும் சத்தம் கேட்குமுன்பே
"இருபத்திரண்டு" என்றார் டூகல்.