கீழ்வீட்டுக்குக் கேட்கிறது

முதல்முறை அமலோற்பவம் சிஸ்டர் மாடிக்கு வந்தபோது
கையில் தலையணை இருந்தது.
"ராத்திரி பூரா மன்னார்குடி ஆஸ்பத்திரியில நிக்கிறேன்.
பகல்ல நாலு மணி நேரம்தான் எனக்கு.
உங்க ரயில் என் கட்டில் மேல ஓடுது."

நிஜ ரயில் இருநூறு அடி தள்ளி ஓடுகிறது.
கேட்டைச் சாத்திவிட்டு
நெல் மூட்டை கூட்ஸுக்கு எஞ்சினை
முன்னும் பின்னும் இழுக்கிறார்கள்.
நீடாமங்கலமே நின்று கொட்டாவி விடுகிறது.
அதற்கெல்லாம் விழிக்காதவர்
உள்ளங்கை நீள எஞ்சினுக்கு விழிக்கிறார்.
சொல்ல வாயெடுத்தேன்.
தலையணையைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

குறுவைக் கொள்முதல் முடிந்து
சம்பா மூட்டை வரும்வரை
பில் கிளார்க்குக்கு வேலையில்லை.
வெளியே அடைமழை.
உள்ளே எட்டடிக்கு நாலடி பிளைவுட்,
அதில் மூணாறு தலைப்பு, தீக்குச்சி மதகு,
பச்சைத்தூள் தூவிய வயல்.
மற்றவர்கள் மலை செய்து குகை குடைவார்கள்.
டெல்டாவில் குகைக்கு எங்கே போவது?
ரயில் மறைய ஒரு வாழைத்தோப்பு வைத்தேன்.

பலகைதான் குற்றவாளி.
சக்கரம் முணுமுணுத்ததை வாங்கி
தெருவுக்குச் சொல்கிற வாய் அது.
கால்களுக்கு அடியில்
கொள்முதல் நிலையத்துச் சாக்கை எட்டாய் மடித்து வைத்தேன்.
கொஞ்சம் அடங்கியது.
தண்டவாளத்துக்குக் கீழே கார்க் போடணுமாம்.
கார்க்குக்குத் திருச்சி போகணும்.
தஞ்சாவூரில் இறங்கி நெட்டி வாங்கினேன்.
"எந்தக் கோயில் செய்யப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.
"கோயில் இல்லைங்க. சத்தம் வராம இருக்க."
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

பிளேடால் சீவிச் சீவி இருபத்திரண்டு அடி.
அன்றைக்கு ரயில்
எண்ணெயில் போவது போலப் போனது.

அத்தோடு விட்டிருக்கலாம்.
வெண்ணாற்று மணலைச் சலித்து
தண்டவாளத்தோரம் பரப்பி
ஃபெவிகாலைக் கரைத்து ஊற்றினேன், அழகுக்கு.
விடிந்து பார்த்தால் மணல் கல்லாகியிருந்தது.
நெட்டியைத் தாண்டிப் பலகையை எட்டிப் பிடித்துக்கொண்டு
பழைய சத்தம், வட்டியோடு.

வெந்நீர், கரண்டி, மூன்று நாள்.
அப்புறம் ரப்பர் பசை.
காய்ந்த பிறகும் அழுத்தினால் அமுங்கும்.

இரண்டாம் முறை டூட்டியிலிருந்து நேரே வந்தார்,
கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு.
"இப்ப ஒரே இடத்துலதான் டொக்குங்குது. ஓட்டுங்க, பாப்போம்."
பலகைக்கு அடியில் குந்தி
கோரையாற்றுப் பாலத்துக்கு நேர்கீழே வட்டத்தை வைத்தார்.
மூச்சை இழுத்து விடச் சொல்வாரோ என்று நின்றேன்.
இங்கில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தார்.
மூன்றாம் சுற்றில் விரல் தூக்கினார்:
"இங்க ஒரு மர்மர்."

பசை காயும்வரை இருக்கட்டுமென்று
நான் முறுக்கிய ஸ்க்ரூ.
எடுக்க மறந்து, அத்தனை நெட்டிக்கும் நடுவே
கோள்மூட்டியாய் நின்றிருந்தது.
கழற்றிக் கொடுத்தேன்.
பித்தப்பைக் கல்லைப் பார்ப்பது போல
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு
கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தூங்கப் போனார்.

மூன்றாம் முறை.
மணி இரண்டு இருக்கும்.
"ரயில் கேக்கல" என்றார், கண் திறக்காமல்.
"அது பின்னாடியே நீங்க நடக்கிறது கேக்குது."

சத்தியமாக எனக்குத் தெரியாது.
சுற்றுக்குச் சுற்று பலகையோரமாய்
கூடவே போய்க்கொண்டிருந்திருக்கிறேன்,
வண்டி கிளம்பிய பிறகும்
ஜன்னல் கம்பியை விடாதவன் போல.

இப்போது முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.
கால் இரண்டும் குறுக்குக்கட்டை மேல்.
ரயில் கோரையாற்றைத் தாண்டி
வாழைத்தோப்புக்குள் நுழைகிறது.
எங்கே வருகிறதென்று இனிக் காது சொல்லாது.
உதடு அசையாமல் எண்ணுகிறேன்.
ஏழில் வரவேண்டும்.
ஏழு.
எட்டு.
ஒரு ஸ்பாஞ்ச் இலை மட்டும்
லேசாக ஒதுங்குகிறது.