ஐந்தாவது கட்டம்

ஆறு வந்து போன ஒன்பதாம் நாள்
பள்ளிக்கூட மாடியில்
பதிவேடுகளைக் காயப்போட்டோம்.
கருவாடு மாதிரி, என்றார் வாட்ச்மேன் தேசிங்கு.
நாற்றமும் ஏறக்குறைய அதுதான்.
மேலே செங்கல் வைத்து
காக்கா வராமல் பார்ப்பது என் வேலை.
சைதாப்பேட்டையில் அன்று
கணக்கு டீச்சருக்கு வேறு கணக்கில்லை.

பள்ளியை ஆரம்பித்தது ஏகஜோதி சபை.
விளக்கைப் பார்த்து உட்கார்ந்தால் போதும் என்றவர்கள்.
'உயிரெல்லாம் ஒரே சுடர்'
வாசல் வளைவில் இன்னும் இருக்கிறது,
சுடர் மட்டும் உதிர்ந்துவிட்டது.

பதினோரு பள்ளிகள் கட்டினார்களாம்.
சூளையில் இருந்தது இப்போது கல்யாண மண்டபம்.
ராயபுரத்தது எங்கே என்று
ராயபுரத்துக்கே தெரியாது.
சபையில் கடைசி மூன்று பேரும்
போன வருஷம் தணிந்தார்கள்
(இறந்தார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை).
மிச்சம் நாங்கள்,
நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகள், அரசு உதவி பெறும்.

கரையானும் தண்ணீரும் பங்கு பிரித்தது போக
பழைய கட்டு ஒன்று.
மசி கரைந்து பக்கமெல்லாம் ஊதா.
அதில் அங்கங்கே தலை தூக்கும் பெயர்கள்:
கன்னியப்பன், ஏகாத்தாள், சிங்காரம்,
இன்னொரு ஏகாத்தாள்.
வரவில்லை, செங்கல் சூளை.
வரவில்லை, தாய்க்குக் காலரா.
வரவில்லை, சிலேட்டு உடைத்த பயம்.
கூழ் ஊற்றிய நாளில் வருகை நாற்பது,
ஊற்றாத நாளில் பதினேழு.
சபையின் ஆண்டறிக்கையோ
நாற்பது ஆன்மாக்கள் விழித்தன என்கிறது.

ஐந்தாவது கட்டம்: குலம்.
முதல் பெயருக்கு நேரே பஞ்சமர்.
அதன் கீழே பக்கம் பக்கமாக
மேற்படி, மேற்படி, மேற்படி.

1907 ஜூலையில் எழுத்து மாறுகிறது.
புது வாத்தியார், ந. மாசிலாமணி.
ஐந்தாவது கட்டத்தில்
நாற்பத்து மூன்று பேருக்கும்
சுடர்
என்று எழுதியிருக்கிறார்.
மேற்படி போடவில்லை.
நாற்பத்து மூன்று முறை.

நான் உட்கார்ந்துவிட்டேன்.
காக்கா ஒன்று 1932-ஐக் கொத்திக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் இன்ஸ்பெக்டர்.
அவருடைய சிவப்பு மசி கரையவே இல்லை.
கலம் ஐந்து முறைப்படி இல்லை,
மானியம் முப்பத்தெட்டு ரூபாய் நிறுத்தம்.
அடியில் சபைச் செயலாளர்,
அழகான சாய்வெழுத்தில்:
வாத்தியாரின் ஆர்வம் புரிகிறது.
சத்தியம் மண்டபத்துக்கு, படிவம் படிவத்துக்கு.

செப்டம்பர். பஞ்சமர்.
அதே கை,
எழுத்து மட்டும் பாதியாகச் சிறுத்து.
அப்போதும் மேற்படி இல்லை.
நாற்பத்து மூன்று முறை.
அக்டோபரில் கூழ் உண்டு.
நவம்பரில் வேறு ஒருவர் கையெழுத்து.

தேசிங்கிடம் படித்துக் காட்டினேன்.
"கூழுக்காகத்தானே டீச்சர்" என்றார்,
திட்டினாரா, தாங்கினாரா,
செங்கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

சாயங்காலம் கரண்ட் வந்தது.
எமிஸ் திறந்தேன்.
சான்றிதழை ஆற்றில் விட்ட பிள்ளைகளை
மறுபடி ஏற்ற வேண்டும்.
பெயர். பிறந்த தேதி. அப்பா. அம்மா.
அடுத்த பெட்டியைக் காலியாக விட்டு
அழுத்திப் பார்த்தேன்.
சிவப்பு எழுத்து வந்தது.

பக்கத்தில் நின்ற ஏழாம் வகுப்பு ஜெஸ்லின்
திரையை எட்டிப் பார்த்தாள்.
"மிஸ், அதை விட்டுட்டீங்க.
அது இருந்தாதான் ஸ்காலர்ஷிப்னு அம்மா சொல்லுச்சு.
கரெக்டா போடுங்க."

கரெக்டாகப் போட்டேன்.
ஒவ்வொரு பிள்ளைக்கும்
முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தட்டி.
காப்பி பேஸ்ட் பண்ணவில்லை.
விரல் வலித்தது.
மாடியில் 1907
இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.