பூட்ஸ் வைக்க ஓர் இடம்

அறிவிப்பை ஒட்டியது லாயிட்.
படித்துக் காட்டி ஆளைத் திருப்பி அனுப்புவது
கவுண்டரில் நிற்கும் என் பாடு.
ஹூடி கூடாது. கையில்லாச் சட்டை கூடாது.
வேலைத்தள பூட்ஸ் கூடவே கூடாது.
டுலூத்தில், ஜனவரியில்,
எவன் வருவான் கையில்லாச் சட்டையில்?
நான் கேட்கவில்லை.
சம்பளத்துக்கு முந்தின நாள் அது.

போன மாதம் ஒரு கைகலப்பு.
கியூ முறிந்தது, ஒருவனுக்குப் பல் போனது.
அடித்தவன் ஹூடி போட்டிருந்தான்,
ஆகவே பழி ஹூடிமேல்.
அடி வாங்கியவனும் ஹூடிதான்.
அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மார்லிஸ் வந்தாள்,
ஆலை ஷிப்ட் முடிந்து,
முழங்கால்வரை காகிதக்கூழ் காய்ந்த ஓவரால்.
என் விரல் சுவரைக் காட்டியது;
கண் சாக்குக்கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது.
படித்தாள். குனிந்தாள்.
பூட்ஸைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.
பனி உருகி நோட்டுப் புத்தகத்தில் வழிந்தது.
"வீட்டுக்குப் போய் மாற்றிவர நாற்பது மைல்."

காலுறை ஓட்டையில் பெருவிரல்.
அதை ஊன்றித்தான்
மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயித்தாள்.

பக்கத்து மேசையில்
இஸ்திரி மடிப்புக் கலையாத ஒருவர்
பந்தை எகிறவைக்கப் போய்
பச்சைத் துணியை ஒரு சாண் கிழித்தார்.
லாயிட் சுவரைப் பார்த்தார்.
அதற்கு அங்கே விதி இல்லை.

அறிவிப்பு இன்னும் இருக்கிறது.
அதற்கு நேர் கீழே
பழைய செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறேன்.
இன்று ஏழு ஜோடி.