இரண்டு விரற்கடை

மழை வெள்ளம் வடிந்த மறுநாள்
குப்பை இழுக்கிற ட்ரக்டர் வந்து நின்றது.
முன் இடதுசில்லுக்குக் கீழே, சீமெந்துத் தரையில்
ஒரு காசளவு கறுப்பு.
நான் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள்
தோசையளவு.

லூர்துநாதன் இருக்கையை விட்டு இறங்கவில்லை.
"கசிவை மட்டும் பார்.
ஸ்டியரிங் பரவாயில்லை,
அது என் பேச்சைக் கேட்கும்."

ஜாக்கி வைத்துத் தூக்கினேன்.
சில்லைப் பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்ட
கிங்பின் முனகியது.
மூன்றிலும் ஒன்பதிலும் பிடித்து ஆட்ட
டைரொட் எண்ட் இரண்டும்
விழப்போகிற பால்பல்.
ஸ்டியரிங் இரண்டு விரற்கடை சும்மா சுற்றியது,
அதற்குப் பிறகே சில்லுக்குச் செய்தி போனது.

வடி ஆணியைக் கழற்றினேன்.
ஒயிலுக்குப் பதிலாகப் பால் தேத்தண்ணி ஒழுகிற்று,
போன கிழமை வெள்ளமும் சேர்த்து.
சீலின் உதடு கிழிந்திருந்தது. கிழித்தது நூல்:
சாக்குத் தைத்த நூல், பட்டத்து நூல்,
வெசாக் கூட்டின் வால்,
பூச்சரத்து நார், யாரோ ஒருத்தியின் சவரிமுடி,
முகக்கவசத்து இழை இரண்டு.
புறக்கோட்டை தெருத்தெருவாய் அச்சில் சுற்றி
இறுகிக் கிடந்தது, கருவளையல் போல.
அறுத்தெடுக்க அரை மணித்தியாலம்.
கத்தி இரண்டுதரம் வழுக்கிற்று.

பஞ்சிகாவத்தையில் நௌபர் நானா
மொடலின் பெயரைச் சொல்ல விடமாட்டார்.
"பேரில என்ன இருக்கு, அளவைச் சொல்லுங்க."
ஏதோ ஒரு லொறிக்குப் பிறந்த சீலைத்
தூசி ஊதித் தந்தார், மில்லிமீட்டர் பிசகவில்லை.
டைரொட் எண்டுக்கு இரண்டு விலை சொன்னார்.
மலிவானதை நான் தொடுமுன்
தானே மேசைக்குக் கீழே போட்டுவிட்டார்.

பழைய சீல் ஓடிய தடம் தண்டில்
நகத்துக்குத் தட்டுப்பட்டது.
புதியதை அதே பள்ளத்தில் இருத்தினால்
அதே கசிவு, புது விலையில்.
இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி
தேயாத இரும்பில் உட்காரவைத்தேன்.
மரக்கட்டை வைத்துச் சுற்றிவரத் தட்டினேன்,
சத்தம் கனக்கும் வரை.
கொட்டர்பின்னை வளைத்தபோது
ஆமர் வீதியில் லைட் எரிந்துவிட்டது.

லூர்துநாதன் எடுத்தார்.
பத்தடி போகவில்லை,
ட்ரக்டர் நேராகப் பேக்கரிச் சுவருக்கு.
பிரேக். பாண் தட்டு ஒன்று விழுந்து உருண்டது.
"என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

நான் ஏறி ஓட்டினேன். நூல் பிடித்தாற்போல் போனது.
மறுபடி அவர். மறுபடி சுவர்.
மூன்றாம் முறை சில்லைப் பார்க்காமல்
அவர் கைகளைப் பார்த்தேன்.
நேர்த்தெருவிலும் அவை இரண்டு விரற்கடை திருப்பின,
வராத தளர்வை வாங்கிக்கொள்ள.
எத்தனை வருசத்துப் பழக்கமோ.

கத்தினவர் குரல் இறங்கிக் கேட்டார்:
"கொஞ்சம் லூசாய் விட ஏலாதா?
ஒரு விரலளவாவது?"

கடன் கேட்டிருக்கிறார்கள், கழிவு கேட்டிருக்கிறார்கள்,
பில்லில் பொய் கேட்டிருக்கிறார்கள்.
தேய்ந்ததைத் திருப்பித் தா என்று
ஒருவரும் கேட்டதில்லை.
"ஏலாது" என்றேன்.
சொன்ன பிறகு வேலை முடிந்ததாகத் தோன்றவில்லை.

பத்து மணிக்கு மேல், பஸ் ஓய்ந்த தெருவில்
ட்ரக்டருக்கு முன்னால் பின்நடையாய் நடந்தேன்,
ஐந்துலாம்புச் சந்தி வரைக்கும்,
கையில் டோர்ச்சோடு.
"திருப்பாதீங்க. இன்னும் கொஞ்சமாய்.
இல்லை, அதுவும் கூட.
நினைச்சால் போதும், அது போகும்."
முச்சக்கரவண்டிக்காரர் சிரித்தார்கள்.
நாய் ஒன்று எங்களோடு கொஞ்சத்தூரம் வந்தது.

பில்லில் கசிவு என்று மட்டும் எழுதச் சொன்னார்.
குத்தகை முதலாளி
தரையில் விழுவதற்குத்தான் காசு தருவாராம்.
டைரொட் எண்டை எந்த வரியில் ஒளிப்பது?
"ஒயில், எட்டு லீற்றர்" என்று எழுதினேன்.
அந்த அச்சு நாலுக்கு மேல் குடிக்காது.

காலையில் ட்ரக்டர் நின்ற இடத்தைப் பார்த்தேன்.
முன்பக்கம் காய்ந்திருந்தது.
பின்பக்கம், ஒரு காசளவு.